குவி ஆடி ஒளியைக் குவிப்பதில்லை

“சித்தப்பா, குவி ஆடின்னா ஒளியைக் குவிக்கிற ஆடிதானே?”

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் கேட்டாள். இல்லம்மா, குவி ஆடி ஒளியை விரிக்கும் என்றேன். “அப்போ குவி லென்ஸ்?” அது குவிக்கும் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, “சரி, மனப்பாடம் பண்ணிக்கிறேன்” என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த “மனப்பாடம் பண்ணிக்கிறேன்” எனக்கு வருத்தமாக இருந்தது. இந்தப் பாடத்தைப் படித்த பலரிடம் பேசிப் பார்த்திருக்கிறேன். “பொருள் வளைவு மையத்துக்கு அப்பால் இருந்தால் பிம்பம் சிறியது, தலைகீழானது, மெய்யானது” என்று தடங்கல் இல்லாமல் சொல்வார்கள். பிம்பம் என்றால் என்ன, அது எப்படி உண்டாகிறது என்று கேட்டால் படத்தில் உள்ள இரண்டு கோடுகளைக் காட்டுவார்கள். அந்த இரண்டு கோடுகளால்தான் பிம்பம் உண்டாகிறது என்று நம்புவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. லென்ஸில் பாதியை மூடினால் பாதிப் படம்தான் தெரியும், மாய பிம்பம் என்றால் பொய்யான பிம்பம், பிம்பம் எப்போதும் குவியத்தில்தான் விழும் என்ற தவறான எண்ணங்கள் எல்லாம் அங்கிருந்து வருபவை.

கணக்கும் சூத்திரமும் இல்லாமல், வீட்டில் உள்ள கரண்டியையும் மூக்குக் கண்ணாடியையும் வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

முதலில் பெயர்

தமிழில் ‘குவி’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது என்றால் மேடாகக் கிடக்கிறது என்று பொருள். கை குவித்து வணங்கினார் என்றால் இரண்டு கைகளும் ஒன்று சேர்ந்தன என்று பொருள். ஒன்று வடிவம், மற்றது செயல்.

குவி ஆடி, குவி லென்ஸ் என்ற பெயர்களில் இருப்பது முதல் பொருள், அதாவது வடிவம். நடுவில் மேடாகப் புடைத்திருக்கிறது என்பதைத் தவிர அந்தப் பெயர் வேறெதையும் சொல்லவில்லை. நடுவில் பள்ளமாக இருந்தால் அது குழி ஆடி, குழி லென்ஸ். நம் சமையலறைக் குழிக்கரண்டியில் உள்ள அதே குழிதான். ஆனால் அதே பாடத்தில் ஒளி ஒன்று சேரும் புள்ளிக்குக் ‘குவியம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அங்கே இரண்டாவது பொருள் வந்துவிடுகிறது. குழந்தைகள் குழம்புவதில் வியப்பில்லை.

இன்னொரு சொல்லையும் இங்கேயே பிரித்துவிடுகிறேன். முகம் பார்ப்பதும் கண்ணாடி, ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி. இந்தக் கட்டுரையில் முகம் பார்க்கும் வகையை ‘ஆடி’ என்றே சொல்கிறேன். ஆடி ஒளியைத் திருப்பி அனுப்பும், லென்ஸ் உள்ளே விட்டு மறுபுறம் அனுப்பும்.

வெறும் சுவரில் ஏன் படம் விழுவதில்லை?

பிம்பம் எப்படி உண்டாகிறது என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. ஜன்னலுக்கு எதிரே வெள்ளைச் சுவர் இருக்கிறது. வெளியே உள்ள தென்னை மரத்திலிருந்து ஒளி ஜன்னல் வழியாக அந்தச் சுவருக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. பிறகு ஏன் சுவரில் தென்னை மரம் தெரியவில்லை?

ஒளி போதாமல் இல்லை, அது கலந்து வருகிறது. மரத்தின் ஒரு புள்ளியை, ஓர் ஓலையின் நுனியை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டதும் அந்த நுனி எல்லாத் திசைகளிலும் ஒளியைச் சிதறுகிறது. அதிலிருந்து வரும் ஒளி சுவர் முழுவதும் விழுகிறது. பக்கத்துக் காயிலிருந்து வரும் ஒளியும் சுவர் முழுவதும் விழுகிறது. வானத்திலிருந்து வருவதும் அப்படியே. சுவரின் எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே மரம், வானம், எதிர்வீட்டு மாடி எல்லாவற்றின் ஒளியும் சேர்ந்தே இருக்கிறது. எல்லாம் கலந்தால் வெறும் வெளிச்சம்தான் மிஞ்சும்.

பள்ளிக்கூடத்துக் காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். மணி அடிப்பதற்கு முன் மைதானம் முழுக்கப் பிள்ளைகள். எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் இருக்கும், பத்தாம் வகுப்புப் பிள்ளையும் இருக்கும். மணி அடித்து, பி.டி. மாஸ்டர் விசில் ஊதியதும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வகுப்பு நிற்கும் இடத்துக்குப் போய்விடுகிறது. இப்போது மாடியிலிருந்து பார்த்தால் இது ஆறாம் வகுப்பு, அது பத்தாம் வகுப்பு என்று தெளிவாகத் தெரியும். பிள்ளைகள் புதிதாக யாரும் வரவில்லை. கலந்திருந்தவர்கள் பிரிந்து, அவரவர் இடத்தில் சேர்ந்திருக்கிறார்கள்.

லென்ஸும் வளைந்த ஆடியும் அந்த பி.டி. மாஸ்டரின் வேலையைச் செய்கின்றன. ஓலை நுனியிலிருந்து கிளம்பி விரிந்து வந்த ஒளியை எல்லாம் திரும்ப ஒரே புள்ளிக்கு அனுப்புகின்றன. பக்கத்துக் காயின் ஒளியை அதற்குப் பக்கத்துப் புள்ளிக்கு அனுப்புகின்றன. இப்படிப் புள்ளிக்குப் புள்ளி ஒளி மீண்டும் சேர்ந்து அமையும் உருவத்துக்குத்தான் பிம்பம் என்று பெயர்.

ஒரு புள்ளியிலிருந்து கூம்பு போல விரியும் ஒளி, கண்ணுக்குள் மறுபடி ஒரு புள்ளியில் கூடுகிறது என்பதை யோகன்னஸ் கெப்லர் 1604-இல் தெளிவாக எழுதினார். கோள்களின் பாதைகளைக் கண்டறிந்த அதே கெப்லர்தான். பொருளின் ஒவ்வொரு புள்ளியும் எல்லாத் திசைகளிலும் ஒளியை அனுப்புகிறது என்ற அடிப்படையை அவருக்கு ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்பே இப்னு அல்-ஹைதம் என்ற அரபு அறிஞர் வகுத்துவைத்திருந்தார்.

மரத்தடி வட்டங்கள்

லென்ஸ் இல்லாமலே ஒளியைப் பிரித்துவிட ஒரு வழி உண்டு. நடுப்பகலில் புளியமரத்தடியில் நின்று தரையைப் பாருங்கள். நிழலுக்கு நடுவே வட்ட வட்டமாக வெளிச்சம் விழுந்திருக்கும். இலைகளுக்கு இடையே உள்ள இடுக்குகள் கோணல் மாணலாக இருக்க, வெளிச்சம் மட்டும் ஏன் வட்டமாக விழுகிறது? அவை ஒவ்வொன்றும் சூரியனின் படம். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல் பகுதிகளில் வளைய சூரிய கிரகணம் தெரிந்தபோது இதே மரத்தடி வட்டங்கள் வளையங்களாக மாறின.

சிறு துளை செய்வது எளிமையான வேலை. சூரியனின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மெல்லிய ஒரு கற்றையை மட்டும் விட்டு, மீதியைத் தடுத்துவிடுகிறது. கலப்பு குறைகிறது, படம் கிடைக்கிறது. ஆனால் ஒளியில் பெரும்பங்கு வீணாகிறது. சூரியனுக்கு அது போதும். தென்னை மரத்தை இப்படிப் பார்க்க அறையைக் கும்மிருட்டாக்க வேண்டும். துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், உடனே படம் மங்கிக் கலந்துவிடும். நிறைய ஒளியும் வேண்டும், கலக்கவும் கூடாது என்றால் ஒளியைத் தடுக்காமல் அதன் திசையைத் திருப்ப வேண்டும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பொருளின் ஒவ்வொரு புள்ளியும் எல்லாப் பக்கமும் ஒளியை அனுப்புகிறது. அது கலந்தால் வெளிச்சம், புள்ளிக்குப் புள்ளி மீண்டும் சேர்ந்தால் பிம்பம்.

குழிக்கரண்டி சொல்லும் பாடம்

ஆடியிலிருந்து தொடங்குவோம். கேரம் பலகையின் சட்டத்தில் ஸ்ட்ரைக்கர் எந்தச் சாய்வில் மோதுகிறதோ அதே சாய்வில் மறுபக்கம் திரும்பும். ஒளியும் ஆடியில் பட்டு அப்படித்தான் திரும்புகிறது. இதற்கு எதிரொளிப்பு என்று பெயர். வளைந்த ஆடிக்கென்று தனி விதி கிடையாது. அதைப் பல நூறு சின்னஞ்சிறு தட்டை ஆடிகளை ஒட்டிச் செய்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் கேரம் சட்டம் போலவே நடந்துகொள்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் சற்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

குழி ஆடியில் ஓரத்தில் உள்ள துண்டுகள் எல்லாம் நடுவை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. அதனால் வெகுதூரத்திலிருந்து இணையாக வரும் ஒளி, பட்டுத் திரும்பும்போது ஒரு புள்ளியில் கூடுகிறது. அந்தப் புள்ளிதான் குவியம். ஆடியின் நடுவிலிருந்து குவியம் வரை உள்ள தூரம் குவியத் தொலைவு. அந்த ஆடி எந்தக் கோளத்திலிருந்து வெட்டி எடுத்ததுபோல் இருக்கிறதோ, அந்தக் கோளத்தின் மையம் வளைவு மையம். குவியம் இருப்பது ஆடிக்கும் வளைவு மையத்துக்கும் சரிபாதி தூரத்தில்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘வெகுதூரத்திலிருந்து’. சூரியன், நிலா, தொலைவில் உள்ள கோபுரம் போன்றவற்றின் பிம்பம்தான் குவியத்தில் விழும். பொருள் அருகே வர வர பிம்பம் இடம் மாறும். குவியத் தொலைவு 20 செ.மீ. உள்ள குழி ஆடியின் முன்னால் ஒரு மெழுகுவர்த்தியை 60 செ.மீ. தூரத்தில் வைத்தால், அதன் பிம்பம் ஆடியிலிருந்து 30 செ.மீ.-இல், பாதி அளவில், தலைகீழாக அமையும். 40 செ.மீ.-க்கு நகர்த்தினால் பிம்பமும் 40 செ.மீ.-இல், அதே அளவில். 30 செ.மீ.-க்குக் கொண்டுவந்தால் பிம்பம் 60 செ.மீ.-க்குப் போய் இரண்டு மடங்காகிவிடும். பொருள் நெருங்க நெருங்கப் பிம்பம் விலகி விலகிப் பெரிதாகிறது. சரியாகக் குவியத்தில் வைத்தால் ஒளி எங்குமே சேராமல் இணையாகப் போய்விடும். டார்ச் லைட்டில் பல்பைக் குவியத்தில் பொருத்தியிருப்பது இதற்காகத்தான்.

அதையும் தாண்டி மெழுகுவர்த்தியை 10 செ.மீ.-க்குக் கொண்டுவந்தால்? இப்போது ஒளி அளவுக்கு மீறி விரிந்து வருகிறது. ஆடி எவ்வளவு முயன்றாலும் அந்த விரிவைக் குறைக்கத்தான் முடிகிறது, சேர்க்க முடிவதில்லை. திரும்பி வரும் ஒளியைப் பார்த்தால் ஆடிக்குப் பின்னால் 20 செ.மீ. தள்ளி, இரண்டு மடங்கு பெரிதாக, நேராக நிற்கும் ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து வருவது போல் இருக்கும். முகச் சவரத்துக்கான குழி ஆடியில் முகம் பெரிதாகத் தெரிவது இப்படித்தான்.

இப்போது எவர்சில்வர் குழிக்கரண்டியை எடுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். முகம் தலைகீழாகவும் சின்னதாகவும் தெரியும். கரண்டியின் குவியத் தொலைவு இரண்டு செ.மீ. அளவுதான் இருக்கும், உங்கள் முகம் அதற்கு வெகு அப்பால் இருக்கிறது. அப்புறம் விரல் நுனியைக் கரண்டியின் குழிக்குள் மெல்ல இறக்குங்கள். ஏறக்குறைய உலோகத்தைத் தொடும் தூரத்தில் விரலின் பிம்பம் நேராகிப் பெரிதாகிவிடும். மனப்பாடம் செய்யும் அந்தப் பட்டியல் முழுவதும் இந்த ஒரு விரல் அசைவில் இருக்கிறது.

லென்ஸ்: சேற்றில் இறங்கும் வண்டி

லென்ஸ் ஒளியைத் திருப்பும் முறை வேறு. காற்றில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 3,00,000 கி.மீ. போகிறது. சாதாரணக் கண்ணாடிக்குள் அது சுமார் 2,00,000 கி.மீ. ஆகக் குறைந்துவிடுகிறது. மாட்டு வண்டி சாய்வாகச் சேற்றில் இறங்கினால் என்ன ஆகும்? முதலில் இறங்கும் சக்கரம் வேகம் குறையும், மற்றது பழைய வேகத்தில் வரும், வண்டி சேற்றுப் பக்கம் திரும்பிக்கொள்ளும். ஒளியும் சாய்வாகக் கண்ணாடிக்குள் நுழையும்போது அப்படித் திசை மாறுகிறது. இதுதான் ஒளிவிலகல். வெளியே வரும்போது மறுபடி ஒரு முறை திசை மாறும்.

ஜன்னல் கண்ணாடியின் இரண்டு பக்கமும் இணையாக இருப்பதால் உள்ளே நுழையும்போது ஏற்பட்ட திருப்பம் வெளியேறும்போது சரியாகிவிடுகிறது. லென்ஸில் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று சாய்ந்திருப்பதால் திருப்பம் மிஞ்சுகிறது. காற்றில் இருக்கும் கண்ணாடி லென்ஸுக்கு ஒரே விதியை நினைவில் வைத்தால் போதும்: ஒளி கண்ணாடியின் தடித்த பக்கம் நோக்கித் திரும்பும். குவி லென்ஸ் நடுவில் தடித்தது, ஒளி நடுவை நோக்கிச் சேருகிறது. குழி லென்ஸ் ஓரத்தில் தடித்தது, ஒளி ஓரத்தை நோக்கி விரிகிறது. அண்ணன் மகளின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது.

குவி லென்ஸில் பிம்பம் நகரும் விதம் குழி ஆடியில் பார்த்ததேதான். அதே 20 செ.மீ. குவியத் தொலைவு என்றால் 60-க்கு 30, 40-க்கு 40, 30-க்கு 60. பிம்பம் லென்ஸின் மறுபுறம் அமைகிறது என்பது மட்டும்தான் வேறுபாடு.

பூதக்கண்ணாடியால் வெயிலில் காகிதத்தைக் கருக்கியிருப்பீர்கள். அந்த ஒளிப்பொட்டு வெறும் சூட்டுப் புள்ளி இல்லை. அது சூரியனின் வட்டமான பிம்பம். குவியத் தொலைவு 10 செ.மீ. என்றால் அந்த வட்டம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். எந்த லென்ஸ் வழியாகவும் சூரியனை நேராகப் பார்த்துவிடாதீர்கள். அந்தப் பொட்டு அப்போது கண்ணின் உட்புறப் பின்சுவரான விழித்திரையில் விழும்.

தலைகீழாக ஏன் விழுகிறது என்பதற்கும் விடை எளிது. லென்ஸின் நடுப்பகுதி வழியாகப் போகும் ஒளி ஏறக்குறைய நேராகப் போய்விடுகிறது. மரத்தின் உச்சியிலிருந்து நடு வழியாக வரும் ஒளி கீழ்நோக்கிச் சாய்ந்துதானே போகும்? உச்சியின் மற்ற ஒளியும் அந்தப் பாதையில்தான் எங்கோ சேர வேண்டும். ஆகவே உச்சியின் பிம்பம் கீழே, வேரின் பிம்பம் மேலே.

பாதி லென்ஸை மூடினால்?

இது பெரும்பாலானோர் தவறும் இடம். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

தாத்தா பாட்டியின் வெள்ளெழுத்துக் கண்ணாடி, பவர் பிளஸ் 2 என்று வைத்துக்கொள்வோம், அதை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரிலிருந்து சுமார் 50 செ.மீ. தள்ளி அதைப் பிடியுங்கள். கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்தினால் சுவரில் ஜன்னலும் வெளியே உள்ள காட்சியும் தலைகீழாக, வண்ணத்தோடு விழும். இப்போது ஓர் அட்டையால் அந்தக் கண்ணாடியின் மேல்பாதியை மூடுங்கள். மூடுவதற்கு முன் ஜன்னலின் எந்தப் பாதி காணாமல் போகும் என்று மனதில் ஒரு விடை வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவுமே காணாமல் போகாது. ஜன்னல் முழுவதும் அப்படியே இருக்கும், வெளிச்சம் மட்டும் மங்கும்.

பாடப்புத்தகப் படத்தில் அம்பின் நுனியிலிருந்து இரண்டு கோடுகள் கிளம்பும். ஒன்று லென்ஸின் மேல்பகுதி வழியாக, இன்னொன்று நடு வழியாக. ஒளி போகும் பாதையைக் காட்ட வரையும் இந்தக் கோட்டுக்குக் கதிர் என்று பெயர். இரண்டு கதிர்கள் வெட்டிக்கொள்ளும் இடம் தெரிந்தால் பிம்பம் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்பதால் இரண்டை மட்டும் வரைகிறோம், வரைய எளிதான இரண்டை. உண்மையில் அம்பின் நுனியிலிருந்து வரும் ஒளி லென்ஸின் ஒவ்வொரு இடத்தின் வழியாகவும் போகிறது. மேல்பாதியை மூடினால் கீழ்ப்பாதி வழியாக வரும் ஒளி அதே புள்ளிக்கு வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வராத நாளில் பாதி வகுப்புகள் காணாமல் போவதில்லையே. எல்லா வகுப்பின் வரிசையும் இருக்கும், ஒவ்வொன்றும் சற்று மெலிந்திருக்கும்.

இதை மிகப் பெரிய அளவில் பார்க்க வேண்டும் என்றால் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அங்குள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் முக்கிய ஆடி 2.34 மீட்டர் விட்டமுள்ள குழி ஆடி. இருட்டில் நன்றாக விரிந்த கண்பாவையின், அதாவது கண்ணின் நடுவே ஒளி நுழையும் கருந்துளையின் விட்டம் சுமார் 7 மி.மீ. என்று வைத்தால், அந்த ஆடி நம் கண்ணைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் கூடுதலான ஒளியைச் சேர்க்கிறது. குவியத் தொலைவு ஏறத்தாழ 7.6 மீட்டர். அந்தக் குவியத்தில் முழுநிலாவின் பிம்பம் சுமார் 7 செ.மீ. அகலம் இருக்கும்.

நட்சத்திரத்தின் ஒளி குழாயின் வாய் வழியாக நுழைந்து அடியில் உள்ள ஆடிக்கு வரும் வழியில், நடுவே கருவிகளோ இன்னொரு சிறிய ஆடியோ மறித்துக்கொண்டு நிற்கும். அப்படியிருந்தும் எடுக்கும் படத்தில் நடுவில் கருப்பு ஓட்டை விழுவதில்லை. மறைக்கப்பட்டது ஆடியின் ஒரு பகுதிதான், வானத்தின் ஒரு பகுதி இல்லை.

கோளம் போதாது

கோள வடிவ ஆடி ஒளியை மிகச் சரியாக ஒரே புள்ளியில் சேர்ப்பதில்லை. ஓரத்தில் பட்ட ஒளி, நடுவில் பட்ட ஒளியைவிடச் சற்று முன்னாலேயே சேர்ந்துவிடும். இதற்குக் கோளப் பிறழ்ச்சி என்று பெயர். சின்ன ஆடியில் தெரியாது, தொலைநோக்கியில் இது பெரிய குறை. அதனால்தான் பெரிய ஆடிகளைக் கோளத்திலிருந்து மிக மெல்லிய அளவு மாற்றித் தேய்க்கிறார்கள். 1990-இல் விண்ணுக்குப் போன ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி, ஓரத்தில் சுமார் 2.2 மைக்ரோமீட்டர் அளவுக்குக் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. அதற்கே படங்கள் மங்கலாக வந்தன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய், அந்தப் பிழையைச் சரிக்கட்டும் கருவிகளைப் பொருத்திய பிறகுதான் தெளிவு வந்தது.

மெய்யும் மாயமும்

ஒளி உண்மையிலேயே வந்து கூடும் இடத்தில் அமைவது மெய் பிம்பம். ஒளி ஓரிடத்திலிருந்து கிளம்பி வருவது போலத் தோன்றி, அங்கே உண்மையில் ஒளி இல்லை என்றால் அது மாய பிம்பம். இதில் ‘மாய’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் பலர் அதைக் கண்ணின் ஏமாற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். தினமும் காலையில் ஆடியில் நாம் பார்க்கும் முகம் மாய பிம்பம்தான். போனை எடுத்து அதைப் படம் பிடிக்கலாம், தெளிவாக விழும். கேமராவுக்கு ஏமாறத் தெரியாது.

கண்ணுக்கும் கேமராவுக்கும் ஒளி கடைசியாக எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு விரிந்து வந்தது என்பது மட்டும்தான் தெரியும். வழியில் அது எங்கே திரும்பியது என்பது தெரியாது. ஆடிக்குப் பின்னால் ஒரு மீட்டரில் நிற்கும் ஆளிடமிருந்து வந்தால் எப்படி விரிந்து வருமோ அப்படியே ஒளி வந்தால், அங்கே ஆள் இருப்பதாகவே பார்ப்போம்.

மெய் பிம்பத்துக்குத் திரை கட்டாயம் என்பதும் தவறு. திரை இல்லாவிட்டாலும் ஒளி அந்த இடத்தில் கூடி, கடந்து, மறுபடி விரிந்து போகிறது. அது விரியும் பக்கத்தில் சற்றுத் தள்ளிக் கண்ணை வைத்தால் காற்றில் மிதப்பது போல் பிம்பம் தெரியும். குழிக்கரண்டியில் பார்த்த தலைகீழ் முகம் அப்படிப்பட்டதுதான். அது கரண்டியின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பது போல் தோன்றினாலும் உண்மையில் அதற்கு முன்னால், நம் பக்கம், காற்றில் இருக்கிறது.

சுருக்கமாக: திரையில் பிடிக்க முடிந்தால் மெய், முடியாவிட்டால் மாயம். இரண்டிலும் கண்ணுக்கு வருவது உண்மையான ஒளியே.

பின்னால் வரும் லாரி

இப்போது குவி ஆடிக்கு வருவோம். நடுவில் மேடு, ஓரத்துத் துண்டுகள் எல்லாம் வெளிப்பக்கம் பார்க்கின்றன. ஆகவே பட்ட ஒளி இன்னும் விரிந்துதான் திரும்பும். எங்கும் சேராது. பின்னோக்கி நீட்டிப் பார்த்தால் ஆடிக்குப் பின்னால் ஒரு புள்ளியிலிருந்து வருவது போல் இருக்கும், அதைத்தான் அதன் குவியம் என்கிறோம். எதிரே உள்ள பொருளின் பிம்பம் நேராக, சின்னதாக, மாயமாக அமையும். எவர்சில்வர் குடத்தின் வயிற்றில் அறை முழுவதும் குட்டியாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் குவி ஆடி வைப்பது இப்படி அகலமான காட்சி கிடைப்பதால்தான்.

வண்டிகளின் பக்கவாட்டு ஆடியும் பெரும்பாலும் இதுதான். தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் இருக்கின்றன என்ற எச்சரிக்கை பல கார்களின் ஆடியிலேயே எழுதியிருக்கும். இதில் வியப்பான ஒன்று உண்டு. குவியத் தொலைவு 60 செ.மீ. உள்ள குவி ஆடியிலிருந்து 12 மீட்டர் பின்னால் ஒரு லாரி வருவதாக வைத்துக்கொள்வோம். அதன் பிம்பம் ஆடிக்குப் பின்னால் வெறும் 57 செ.மீ.-இல் இருக்கிறது. பிம்பம் அருகில் இருக்க, லாரி தூரத்தில் இருப்பதாக ஏன் தோன்றுகிறது?

மூளை இங்கே தூரத்தை அளவை வைத்துத்தான் கணிக்கிறது. 3 மீட்டர் உயர லாரியின் பிம்பம் 14 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆடியிலிருந்து 60 செ.மீ. தள்ளி உங்கள் கண் இருந்தால், சுமார் 25 மீட்டர் தூரத்தில் வரும் லாரி எவ்வளவு சிறிதாகத் தெரியுமோ அவ்வளவு சிறிதாக அது தெரியும். லாரியின் உண்மையான அளவு மூளைக்குத் தெரியும், ஆகவே தூரத்தில் வருகிறது என்று முடிவு செய்கிறது. இருப்பதைப் போல் இரு மடங்கு தூரம். பைக்கில் ஆடியைப் பார்த்துவிட்டு வலது பக்கம் ஒதுங்குகிறவர்கள் ஒரு முறை தலையைத் திருப்பியும் பார்க்க வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

கண்ணும் பவரும்

கண்ணும் ஒரு குவி லென்ஸ் கருவிதான். ஒளியைத் திருப்பும் வேலையில் பெரும்பங்கை உள்ளே உள்ள லென்ஸ் செய்வதில்லை, கார்னியா என்ற வளைந்த முன்படலமே செய்கிறது. குளத்தில் முங்கிக் கண் திறந்தால் எல்லாம் மங்கலாக இருப்பது ஏன் என்று இதிலிருந்து தெரியும். நீரிலும் கார்னியாவிலும் ஒளியின் வேகம் கிட்டத்தட்ட ஒன்றே. வேகம் மாறாவிட்டால் திசையும் மாறாது. கார்னியா தன் வேலையை இழந்துவிடுகிறது.

கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குத் தூரத்துப் பொருளின் ஒளி விழித்திரைக்கு முன்பாகவே கூடிவிட்டு, விழித்திரைக்கு வருவதற்குள் மறுபடி விரிந்துவிடும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வட்டமாகி, பக்கத்து வட்டத்தோடு கலந்துவிடும். அதனால் மங்கல். முன்னால் ஒரு குழி லென்ஸ் வைத்து ஒளியைச் சற்று விரித்து அனுப்பினால் சேரும் இடம் பின்னே தள்ளிப் போகும். அதுதான் மைனஸ் பவர். நாற்பது வயதுக்கு மேல் விழி லென்ஸ் இறுகி, அருகில் உள்ளதற்கு ஏற்ப வளைய முடியாமல் போவது வெள்ளெழுத்து. அதற்குக் குவி லென்ஸ், பிளஸ் பவர். பவர் என்பது குவியத் தொலைவை மீட்டரில் சொல்லி, ஒன்றை அதனால் வகுத்து வரும் எண். அதன் அலகு டயாப்டர். பிளஸ் 2 என்றால் அரை மீட்டர், அதாவது அந்த 50 செ.மீ.

உங்கள் வீட்டில் உள்ள கண்ணாடி எந்த வகை என்று தெரியாவிட்டால், எழுத்துகள் உள்ள காகிதத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து, மெல்லப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். எழுத்துகள் பெரிதாகி, கண்ணாடி போகும் திசைக்கு எதிர்த் திசையில் நகர்ந்தால் பிளஸ். சிறிதாகி, கண்ணாடியோடு சேர்ந்தே நகர்ந்தால் மைனஸ்.

அண்ணன் மகள் அன்று சாயங்காலமே இதைச் செய்து பார்த்தாள். முதலில் பாட்டியின் கண்ணாடி, அப்புறம் அப்பாவின் கண்ணாடி. இரண்டாவதை நாளிதழுக்கு மேலே இப்படியும் அப்படியும் நகர்த்திவிட்டு, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

“அப்பாவோடது எழுத்தை இழுத்துட்டே போகுது சித்தப்பா. ஓரம் தடியா இருக்கு, நடு மெலிசு. அப்போ இது குழி லென்ஸ், விரிக்கும்.”